ஐந்தாவது அட்டைக்கு அவர் சொன்ன பதில்

மைக்கறைச் சோதனை என்று ஒன்று உண்டு. தாளில் மையைச் சிந்தி, நடுவில் மடித்துப் பிரித்தால் இருபுறமும் ஒரே மாதிரி கறை விழுமே, அப்படிப் பத்துக் கறைகளை அட்டையில் அச்சடித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அட்டையாகக் கையில் கொடுத்து, இது என்னவாக இருக்கலாம் என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பதில்களுக்குக் குறியீடு போட்டு, கூட்டிக் கழித்து, அவர் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. நம்பிக்கை என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். திருப்பதியில் ஒரு தனியார் மனநல கிளினிக்கில் இரண்டரை வருஷம் அந்த அட்டைகளைக் கொடுத்து வாங்கியவள் நான். அங்கே ஒரு டிரைவருக்கு நான் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதால் பாரம் இறங்கும் என்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை.

கிளினிக் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றபடி எல்லாம் உளவியலாளர் அம்மாதான். வடக்கிலிருந்து வந்தவர். கணவருக்குத் திருப்பதியில் உத்தியோகம். இந்தியும் ஆங்கிலமும் பேசுவார். தெலுங்கில் 'கூச்சோண்டி', 'செப்பண்டி', அதாவது உட்காருங்கள், சொல்லுங்கள் வரைக்கும் வந்திருந்தார். நான் எம்.ஏ. முடித்த கையோடு அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். சித்தூர்க்காரி. வீட்டில் தமிழ், சபையில் தமிழ் வேதாகமம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். எந்த மொழியிலும் வாய் ஓயாது, அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். வருகிறவர்களுக்கு அவர் பெரிய மேடம், நான் சின்ன மேடம். அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுப்பது என் வேலை. குறியீடு போடுவது பெரிய மேடத்தின் வேலை.

வந்தவர்கள் அதைப் 'பொம்ம டெஸ்டு' என்றார்கள். தெலுங்கில் பொம்மை என்றால் படம்.

அந்த டிரைவர் வந்தது ஒரு மார்கழியில். முப்பத்தைந்து வயது இருக்கும். நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். திருப்பதியிலிருந்து மலைக்குப் பக்தர்களை ஏற்றிப்போகும் ஒரு வேன் கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பனி மூடிய ஒரு காலையில், மலைப்பாதையில் இறங்கும்போது வேன் வழுக்கி, ஓரச் சுவரில் உரசி நின்றிருக்கிறது. முன்சீட்டில் இருந்தவருக்கு ஒரு பல் போனது. அதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு இவர் கண்ணை மூடினால் அந்தச் சுவர் வந்து நின்றது. தூக்கம் போயிற்று. அதைத் தானே முதலாளியிடம் போய்ச் சொன்னார். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓட்டிக்கொண்டே இருந்திருப்பார், நாளடைவில் சரியாகியும் போயிருக்கும். முதலாளி, நல்லபடியாக இருக்கிறாய் என்று ஒரு மனநல டாக்டரிடம் எழுதி வாங்கி வா, சாவியைக் கொடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

கூட அவருடைய நைனா வந்திருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மேசைமேல் அடுக்கியிருந்த அட்டைகளை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மையா?"

"ஆமாங்க, மைக்கறைதான்."

"எங்கூர்ல கூட மை போட்டுப் பாப்பாங்க. வெத்தலயில மை தடவிக்கினு, எரும காணாப்பூட்டா எங்க கீதுன்னு சொல்லிடுவான். நீங்க இன்னா காணாப்பூட்டதுன்னு பாக்கறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சபையில், மை போட்டுப் பார்ப்பவனிடம் போய்வந்தது தெரிந்தால் இராப்போஜனத்து அப்பமும் ரசமும் கொடுக்க மாட்டார்கள். "அது வேற, இது வேறங்க. இது சயின்ஸு" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

டிரைவர் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதில் சரி தப்பு எதுவும் கிடையாது, மனசில் பட்டதைச் சொன்னால் போதும் என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "டெஸ்டுன்னா தப்பு இல்லாம எப்டி மேடம் இருக்கும்?" என்றார். அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்டதிலேயே விஷயம் தெரிந்த பேச்சு அதுதான். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் தமிழ்தான். ஆனால் தாலுகா ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று படியேறினால் வாயில் தானாகத் தெலுங்கு வந்துவிடும். பேரம் பேசும்போது ஒன்று, மனு கொடுக்கும்போது ஒன்று. தமிழில் பேச ஆரம்பித்து, முக்கியமான சொல் வரும்போது தெலுங்குக்குத் தாவுவோம், அதுதான் மதிப்பான சொல் என்று. அவரும் அப்படியே பேசினார். மூன்றாவது அட்டையில், இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு சோற்றுக் குண்டானைத் தூக்குகிறார்கள் என்றார். நான்காவது அட்டை கறுத்து, ரோமம் அடர்ந்தாற்போல் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முடி மேடம். மலைல மொட்ட போடற எடத்துல வழிச்சிக் குவிச்ச முடி" என்றார். தினம் மலை ஏறி இறங்குகிறவருக்கு அது தெரியாமல் வேறு என்ன தெரியும்?

ஐந்தாவது அட்டை இருக்கிறதே, பத்தில் மிகச் சுலபமானது அதுதான். மற்ற அட்டைகளில் திணறுகிறவர்கள்கூட அதைப் பார்த்ததும் மூச்சு விடுவார்கள். பட்டாம்பூச்சி அல்லது வௌவால் என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொன்னால், ஊரோடு ஒத்துப் பார்க்கிற கண் என்று அர்த்தம். அட்டை கையில் விழுந்ததும் டிரைவரின் முகம் தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

"சீதாகோகசிலுக."

தெலுங்கில் பட்டாம்பூச்சிக்கு அதுதான் பெயர். அவர் வீட்டில் கேட்டிருந்தால் பட்டாம்பூச்சி என்றே சொல்லியிருப்பார். இது டெஸ்ட் அல்லவா, பள்ளிக்கூடத்துச் சொல்லாக எடுத்துக் கொடுத்தார். நானும் சின்ன வயதில் படத்தோடு பார்த்துப் படித்த சொல்தான்.

பத்து அட்டையும் முடிந்த பிறகு இரண்டாவது சுற்று உண்டு. ஏன் அப்படித் தெரிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். ஐந்தாவது அட்டைக்கு விரலால் இருபக்கமும் காட்டினார். "ரெண்டு பக்கமும் ரெக்க கீது பாருங்க மேடம். பொடவய ஒதறி விரிச்சாப்ல." அதையும் எழுதிக்கொண்டேன்.

சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே சீதாகோகசிலுக என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதியிருந்தேன். சாயங்காலம் பெரிய மேடம் ஏட்டைப் புரட்டிக்கொண்டு வந்து, இது என்ன சொல் என்று கேட்டார். அங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. பட்டாம்பூச்சி என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவருக்கு முன்னால் கொஞ்சம் மேதாவித்தனம் காட்ட ஆசை. சீதா என்றால் சீதை, கோக என்றால் புடவை, சிலுக என்றால் கிளி, சீதையின் புடவைக் கிளி என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். எவ்வளவு அழகு என்று அவர் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் கீழே மருந்துக் கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இறங்கிப் போய்விட்டேன்.

போவதற்குமுன், இது பட்டாம்பூச்சிக்கு நாங்கள் சொல்லும் பெயர் என்று சொன்னேனா? எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். சில நாள் சொன்னதுபோல் இருக்கிறது. அட்டையைப் பார்த்தாலே தெரியுமே, இதை வேறு சொல்ல வேண்டுமா என்று விட்டிருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் அறிக்கையை டைப் அடித்தவளும் நான்தான். சிந்தனையின் ஒழுங்கு குலைந்திருப்பதற்கான அறிகுறி தென்படுகிறது, பிறர் உயிருக்குப் பொறுப்பேற்று வாகனம் ஓட்டும் வேலைக்கு இப்போது உகந்தவர் அல்ல என்று இருந்தது. எந்தப் பதிலை வைத்து இந்த முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. இன்னும் கேவலம் என்னவென்றால், டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஆமாம், அவர் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பேசினார் என்று எனக்கும் பட ஆரம்பித்தது. கழுத்துப் பொத்தான் போட்டிருந்ததுகூட ஒரு அறிகுறியாகத் தெரிந்தது.

காகிதத்தை வாங்க அப்பாவும் மகனும் வந்தார்கள். "பாஸா, பெயிலாம்மா?" என்று நைனா கேட்டார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பூசி மெழுகினேன். டிரைவர் ஆங்கிலத்தில் இருந்த அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த அட்டைல மேடம் தப்பா சொல்லிட்டேன்?"

"அப்டில்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, பெரிய மேடத்தின் கணவருக்கு மாற்றல் வந்து கிளினிக்கை மூடினார்கள். பழைய கோப்புகளைப் பார்த்துக் கட்டும் வேலை என்னிடம் வந்தது. டிரைவருடைய கோப்பு தற்செயலாகத்தான் கையில் சிக்கியது. குறியீட்டுத் தாளில், ஐந்தாவது அட்டைக்கு நேராக, பெரிய மேடத்தின் பென்சில் எழுத்தில் 'சீதையின் புடவைக் கிளி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டாவது சுற்றில் டிரைவர் சொன்ன 'புடவையை விரித்தாற்போல்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. புடவையும் பறவையும் தெய்வமும் ஒரே உருவத்தில் கரைந்துவிட்டன, தர்க்கம் முற்றிலும் அறுந்த பதில் என்று ஓரத்தில் குறிப்பு. மொத்தச் சோதனையிலும் கனமான குறியீடு அதற்குத்தான் விழுந்திருந்தது. உலகத்தில் எல்லோரும் சொல்லும் பதிலை அவரும் சொன்னார். அதை மூன்று துண்டாக வெட்டிப் பைத்தியமாக்கிக் கொடுத்தது நான். எங்கள் ஊரில் கிளிமூக்கு மாங்காய் என்கிறோம். அதைக் கேட்டு யாரும் மரத்தில் கிளியைத் தேடுவதில்லை.

அன்றைக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் படிக்க ஆரம்பித்தேன். இந்தச் சோதனை செல்லுமா செல்லாதா என்று உளவியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஏட்டுக்கு இரண்டு பேர் குறியீடு போட்டால் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. எனக்கு அது புதிதில்லை. பழகுவதற்காக நானும் பெரிய மேடமும் தனித்தனியே போட்டுப் பார்த்திருக்கிறோம். எங்கள் கணக்கு வேறுபட்டபோதெல்லாம் அவர் சொன்ன ஒரே காரணம், அனுபவம். நன்றாக இருப்பவர்களையும் இது நோயாளி என்று காட்டிவிடுகிறது என்பது இன்னொன்று. எந்தப் பதில் சாதாரணம், எது விசித்திரம் என்ற பட்டியல் எங்கோ வேறு தேசத்தில் தயாரானது. அதைத் தயாரித்தவர்கள் மலையில் குவிந்துகிடக்கும் முடியைப் பார்த்திருக்க நியாயமில்லை. துக்கம், பயம், ஒருவருடைய குணம் இதையெல்லாம் அட்டைகளை வைத்துச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் படித்தேன்.

ஆனால் சோதனையை எதிர்க்கிறவர்களில் பலர் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவரின் சிந்தனை உண்மையிலேயே குலைந்திருந்தால், அவர் பதில்களில் அது ஓரளவு தெரியத்தான் செய்கிறது என்கிறார்கள். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். வேறு எந்த இடத்தில் பிசகியிருந்தாலும், சோதனையே சரியில்லை என்று பழியை அதன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கு நிற்கக் கொஞ்சமாவது கால் இருக்கிற ஒரே இடத்தில், அந்தக் காலைத் தட்டிவிட்டிருக்கிறேன். சொல்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வாயாடியைப் பற்றி நான் பார்த்த எந்தப் புத்தகமும் பேசவில்லை.

பெரிய மேடத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், நீ பட்டாம்பூச்சி என்று சொல்லவில்லையே என்றார். பிறகு, அந்த ஒரு பதிலால் மட்டும் இல்லை, முடி என்று சொன்னாரே, அதுவும் இருந்தது, அனுபவத்தில் சொல்கிறேன், அவர் சரியாக இல்லை என்றார். கெட்டவர் இல்லை பெரிய மேடம். நோயாளிகளிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர். அதனால்தான் அந்தப் பதில் என்னைக் கலங்கடித்தது. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அந்தச் சோதனை தோற்காது என்று புரிந்தது.

அதற்குப் பிறகும் நான் டிரைவரைத் தேடிப் போகவில்லை. வேறு எங்காவது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தூரில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. வருஷாவருஷம் மைக்கறைச் சோதனைப் பாடம் வரும். போன வருஷம் அந்தப் பாடத்தின்போது, வகுப்பு தூங்கி வழிகிறதே என்று சீதாகோகசிலுக கதையைச் சொன்னேன். மறுபடியும் அதே வாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கேட்டாள், "அந்த டிரைவர் இப்போ எங்க இருக்கார் மேடம்?"

தெரியாது என்றேன். அன்று சாயங்காலமே வேன் கம்பெனிக்குப் போன் செய்து விசாரித்தேன்.

அவர் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் வாட்ச்மேனாக இருந்தார். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். நான் போனது சீசன் நேரம். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றன. கேட்டின் குறுக்கே ஒரு லாரியை நிறுத்திவிட்டு அதன் டிரைவர் எங்கோ போய்விட்டிருந்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எடை போடும் அறையிலிருந்து ஒரு ஆள், "சாவி வண்டிலயே கீதுப்பா, நீயே ரெண்டடி பின்னால எடு" என்று கத்தினார். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் காதில் விழாததுபோல் எதிர்ப்புறம் டீக்கடைக்கு நடந்து, லாரி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும்தான் ஆளைத் தெரிந்தது. தலை நரைத்திருந்தது.

அவருக்கும் என்னைத் தெரிந்தது. "பொம்ம டெஸ்டு மேடம்தானே" என்று தன் ஸ்டூலை எனக்குப் போட்டார். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போயிட்டாரு மேடம். ரெண்டு வருசம் ஆவுது. உங்க காயிதத்த கம்பெனி கிளார்க்கு படிச்சிட்டு, 'மதி ஸ்திமிதம் லேது'ன்னுட்டான். மனசு நெலயா இல்லன்னு. அத கேட்டுட்டு நைனா மனசு ஒடிஞ்சி, ஊர்ல மை போட்டுப் பாக்கறவன்கிட்ட போனாரு. அவன், பையனுக்கு ஒண்ணும் இல்ல, பயந்து கீறான், தானா சரியாப்பூடும்னான்."

எனக்குத் தலை நிமிரவில்லை. வேறு கம்பெனியில் ஏன் சேரவில்லை என்று மெல்லக் கேட்டேன். லைசென்ஸை யாரும் பிடுங்கவில்லையே.

"யாரும் வேணாங்கல மேடம். நான்தான் தொடல. கண்ணு டாக்டர்கிட்ட காட்னேன். கண்ணு சூப்பரா கீதுன்னாரு. அப்போ கண்ணுக்குப் பின்னாலதான் எங்கயோ தப்பு கீது. வளைவுல எதுத்தாப்ல பஸ்ஸு வருதுன்னு நான் பாக்கறேன், அது பஸ்ஸே இல்லன்னா? பின்னால இருபது பேர் ஒக்காந்துக்கினு கீறாங்களே." பிறகு, இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். "மேடம், எந்த அட்ட அது? முடின்னு சொன்னனே, அதுவா? அஞ்சாவது கரெக்டுதானே? அது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமா தெரிஞ்சிது."

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, என் பெருமையடிப்பு உட்பட, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லயா மேடம்?"

இல்லை என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் இனி அவரிடம் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். "நீங்க சொன்ன பதில் சரிதான். ஆனா ஒருத்தருக்கு ஒண்ணும் இல்லன்னு அந்த டெஸ்ட வச்சிச் சொல்ல முடியாதுங்க" என்றேன்.



"இல்லன்னு சொல்ல முடியாதுன்னா, கீதுன்னு மட்டும் எப்டி மேடம் சொன்னீங்க?"

நான் படித்த எல்லாப் புத்தகமும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டது இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

"இப்போ சொன்னீங்களே, அத எழுதிக் குடுங்க" என்றார் பிறகு. மூடிப்போன கிளினிக்கின் முன்னாள் உதவியாளர் எழுதும் காகிதம் எங்கும் செல்லாது என்று சொன்னேன். பரவாயில்லை, தனக்குத்தான் என்றார். பையிலிருந்து தாளை எடுத்துத் தமிழில் எழுதப் போனேன். "தெலுங்குல எழுதுங்க மேடம், எனக்குத் தமிழ் படிக்க வராது" என்றார். தெலுங்கில் எழுதியே பல வருஷம் ஆகியிருந்தது. ஐந்தாவது அட்டைக்கு இவர் சொன்ன பதில் சரியானது, தவறு என்னுடையது என்று கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மெல்ல வாய்விட்டுப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க தப்பு மேடம். சீதா, கோக, சிலுகன்னு தனித்தனியா எழுதிட்டீங்க. சேத்து எழுதணும். ஒரே வார்த்த."

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, நான் எழுதிய மூன்று துண்டையும் ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே முத்து முத்தாகச் சேர்த்து எழுதினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கேட்டில் மறுபடியும் ஹாரன். இன்னொரு லாரி குறுக்கே நின்றது. எடை போடும் ஆள் சாவியோடு வெளியே வந்து, "டிரைவர் துன்னப் போயிட்டான், நீயே எடுத்து ஓரம் கட்டு" என்று அவர் பக்கம் எறிந்தார். அவர் அதை லாவகமாகப் பிடித்துவிட்டார். லாரியைப் பார்த்தார். ஸ்டியரிங் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. ஒரு கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"இருங்க, டிரைவர கூட்டிக்கினு வரேன்" என்றார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டிச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் நடந்து போனார்.